பெர்லினுக்குக் குடிவந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

பெர்லினுக்கு நான் வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஆண்டுக்கு நாலைந்து பேராவது ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்குகிறார்கள். தம்பியின் நண்பன், பழைய அலுவலகத் தோழியின் மகள், யாரோ கொடுத்த எண்ணை வைத்து அழைப்பவர்கள் என்று ஆட்கள்தான் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. போனில் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுபோய் இதை எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். வேலை விசாவிலோ குடும்ப விசாவிலோ வருபவர்களை மனதில் வைத்து எழுதியது இது.

அக்கா, வந்து இறங்கியாச்சு. முதல்ல எதை முடிக்கணும்?

முகவரிப் பதிவு. இங்கே ‘அன்மெல்டுங்’ என்பார்கள். குடிபுகுந்த 14 நாளுக்குள் ‘ப்யூர்கராம்ட்’ என்ற அலுவலகத்துக்குப் போய், இன்ன முகவரியில் இருக்கிறேன் என்று பதிய வேண்டும். கடவுச்சீட்டு, நிரப்பிய படிவம், ‘இவர் என் வீட்டுக்குக் குடிவந்தார்’ என்று வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட கடிதம் ஆகிய மூன்றும் முக்கியம். வாடகை ஒப்பந்தம் அந்தக் கடிதத்துக்கு ஈடாகாது. சாவி வாங்கும்போதே கையோடு கேட்டு வாங்கிவிடுங்கள். அப்புறம் கேட்டால் இழுத்தடிப்பார்கள்.

நேரம் கிடைக்கவில்லை என்பது அடுத்த புலம்பல். உங்கள் வட்டாரத்து அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும் என்றில்லை, பெர்லினில் எந்த ப்யூர்கராம்டிலும் பதியலாம். யாராவது ரத்து செய்த நேரங்கள் இணையத்தில் திடீர் திடீரென்று திறக்கும், காலையில் பாருங்கள். 115 என்ற எண்ணிலும் கேட்கலாம். 14 நாள் தாண்டித்தான் தேதி கிடைக்கிறதென்றால் பதற வேண்டாம். கிடைத்ததைப் பிடித்து, உறுதி மின்னஞ்சலைப் பத்திரமாக வையுங்கள்.

பதிந்து இரண்டு மூன்று வாரத்தில் 11 இலக்க வரி எண் தபாலில் வரும். அதை உடனே அலுவலகத்தில் கொடுங்கள். எண் இல்லாவிட்டால் சம்பளத்தில் வரியைக் கூடுதலாகப் பிடிக்க வாய்ப்புண்டு. பின்னால் திரும்பக் கிடைக்கும் என்றாலும் முதல் மாதச் செலவுக்கு நடுவில் அது வலிக்கும்.

முகவரியில ஃபிளாட் நம்பர் எங்க போடணும்?

பெரும்பாலான வீடுகளுக்கு எண்ணே கிடையாது. தெரு, கட்டட எண், அஞ்சல் குறியீடு, அவ்வளவுதான். ஐந்து மாடி, முன்கட்டு, முற்றம் தாண்டிப் பின்கட்டு என்று முப்பது குடும்பம் இருந்தாலும் தபால்காரர் தேடுவது உங்கள் பெயரைத்தான். தபால்பெட்டியிலும் அழைப்புமணியிலும் பெயர் இல்லையென்றால் அவரைப் பொறுத்தவரை அந்தக் கட்டடத்தில் நீங்கள் இல்லை.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வந்த மாதம் என் வங்கி அட்டை இரண்டு முறை வங்கிக்கே திரும்பிப் போனது. ‘இந்த முகவரியில் இப்படி ஒருவர் இல்லை’ என்ற முத்திரையோடு. பெட்டியில் எனக்கு முன்பு இருந்தவரின் பெயர் அப்படியே இருந்தது. நோட்டுத் தாளைக் கிழித்து, மைப்பேனாவில் பெயரெழுதி, செல்லோடேப் ஒட்டினேன். அழைப்புமணிக்கு ஒட்டிய சீட்டு மறுநாள் மழையில் கரைந்து நீலக் கோடாக வழிந்தது. அச்சடித்து, மேலே முழுக்க டேப் ஒட்டுங்கள். ஆறு மாதம் வேறொருவர் வீட்டில் தங்கினாலும் அவர் பெயருக்குக் கீழே உங்கள் பெயரும் இருக்க வேண்டும்.

எனக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயரே இல்ல. எல்லா ஃபார்ம்லயும் ரெண்டு பேர் கேக்குறாங்களே?

கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருந்தால் விசா, வங்கி, காப்பீடு என்று ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு விதமாக எழுதுவார்கள். ஓரிடத்தில் உங்கள் பெயர் குடும்பப் பெயராகிவிடும், முன்பெயருக்கு ஒரு கோடு போடுவார்கள். இன்னோரிடத்தில் ஒரே பெயரை இரண்டு முறை அடிப்பார்கள். பிறகு ‘இந்த இருவரும் ஒரே ஆள்தான்’ என்று நிரூபிப்பது உங்கள் வேலை. இன்னும் ஊரில்தான் இருக்கிறீர்கள் என்றால் கடவுச்சீட்டைச் சரிசெய்துவிட்டு விமானம் ஏறுங்கள். என் ஒரே கறாரான அறிவுரை இதுதான். வந்தாயிற்று என்றால், விசாவில் உள்ள எழுத்துக்கூட்டலை எழுத்து மாறாமல் எல்லா இடத்திலும் பயன்படுத்துங்கள். தபால்பெட்டிக்கும் அதேதான்.

அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டவர்களுக்கு வேறு கூத்து. என்னை இங்கே மருத்துவமனையிலும் வங்கியிலும் ‘ஃப்ராவ் ஆறுமுகம்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள், அதாவது திருமதி ஆறுமுகம். முதல் தடவை காத்திருப்பு அறையில் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, யாரையோ அழைக்கிறார்கள் என்று உட்கார்ந்தே இருந்தேன். என் கணவர் பெயர் வேறு, பிள்ளையின் குடும்பப் பெயர் கணவரின் பெயர். மூன்று பேருக்கு மூன்று குடும்பப் பெயர். பிள்ளையோடு தனியாக விமானம் ஏறினால் இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்திருங்கள், கேட்பார்கள்.

பதிவுப் படிவத்துல மதம் என்னன்னு கேட்டிருக்கு. உண்மையைச் சொல்லணுமா?

அது வரிக்காகக் கேட்பது. கத்தோலிக்கர் என்றோ எவாஞ்சலிக்கல் புராட்டஸ்டண்ட் திருச்சபை என்றோ குறித்தால், உங்கள் வருமான வரியில் 9 விழுக்காடு தேவாலய வரியாகப் பிடிக்கப்படும். வருமானத்தில் 9 அல்ல, வரியில் 9. இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இந்த வரி இல்லை.

ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கர் என்றால் சட்டப்படி கட்ட வேண்டியவர்தான். வேண்டாம் என்று நினைத்தால் படிவத்தில் மறைப்பது வழியல்ல. நீதிமன்றத்தில் நேரில் போய்த் திருச்சபையிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுக்க வேண்டும். நாகர்கோவில்காரர் ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ‘கட்டிட்டுப் போறேன், அம்மாவுக்குத் தெரிஞ்சா உயிரை விட்டிருவாங்க’ என்றார். அதுவும் சரிதான்.

வாடகைக்கு வீடு பார்க்கப் போனா சமையலறையில ஒரு குழாய் மட்டும்தான் நீட்டிக்கிட்டு இருக்கு. இப்படித்தானா?

இப்படித்தான். சாமான்கள் இல்லாத வீடு என்றால் இங்கே நிஜமாகவே ஒன்றும் இருக்காது. அடுப்பு, தொட்டி, அலமாரி, சில சமயம் மின்விளக்குகூட. போகிறவர் தன் சமையலறையை உங்களிடம் விலைக்குத் தருவார், பேரம் பேசலாம்.

விளம்பரத்தில் ‘கால்ட்மீட்ட’ என்றால் வெறும் வாடகை. ‘வார்ம்மீட்ட’ என்றால் வெப்பமூட்டலும் பராமரிப்பும் சேர்ந்தது. மின்சாரமும் இணையமும் பெரும்பாலும் தனி. முன்பணம் வெறும் வாடகையின் மூன்று மடங்குக்கு மேல் கேட்கக் கூடாது. அதையும் மூன்று தவணையாகக் கட்ட உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. வீட்டைக் காட்டாமலே முன்பணம் கேட்பவர், ‘வெளிநாட்டில் இருக்கிறேன், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்’ என்பவர் எல்லாம் திருடர்கள். ‘வீடு தருகிறேன், ஆனால் பதிவு செய்யக் கூடாது’ என்பவரையும் தவிர்த்துவிடுங்கள். காரணம் முதல் கேள்வியிலேயே இருக்கிறது, அந்தப் பதிவு இல்லாமல் அடுத்த அடி வைக்க முடியாது.

தாளிச்சா புகை அலாரம் அலறுது. பக்கத்து வீட்டம்மா முறைக்கிறாங்க. சாம்பார் வைக்கிறதையே விட்டுரணுமா?

விட வேண்டாம். 2020 கடைசியிலிருந்து பெர்லினில் எல்லா வீட்டிலும் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம், படுக்கையறை, கூடம் என்று வசிக்கும் எல்லா அறையிலும் நடையிலும். சமையலறைக்குக் கட்டாயமில்லை. அதனால் சூட்சுமம் கதவில்தான் இருக்கிறது. காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போடும் முன் சமையலறைக் கதவை மூடி, ஜன்னலை முழுக்கத் திறங்கள். அடுப்புக்கு மேலே இருக்கும் புகைபோக்கியை நம்பாதீர்கள். பல வீடுகளில் அது காற்றை வெளியே தள்ளுவதில்லை, ஒரு வடிகட்டி வழியாக இழுத்து உங்கள் முகத்திலேயே விடுகிறது. கருவியைக் கழற்றி வைக்கவே வைக்காதீர்கள்.

நெடி போகட்டும் என்று வீட்டு வாசற்கதவைத் திறக்கிறார்களே, அதுதான் பெரிய தப்பு. படிக்கட்டு முழுக்கப் பெருங்காயம் ஏறி ஐந்தாம் மாடி வரை போய் நிற்கும். அண்டைவீட்டார் முறைத்தது அதற்காகத்தான் இருக்கும்.

சாம்பாரைவிடப் பெரிய வம்பு ஈரம். இட்லிக் கொப்பரை ஆவி, குக்கர் ஆவி, அறைக்குள் காயும் துணி எல்லாம் சேர்ந்து, குளிர்காலத்தில் சுவர் மூலையில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். வீட்டுக்காரர் ‘நீங்கள் காற்றோட்டம் விடவில்லை’ என்பார், பழி உங்கள் மேல் விழும். வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே போனாலும் நாளுக்கு இரண்டு மூன்று முறை எல்லா ஜன்னல்களையும் ஐந்து பத்து நிமிடம் அகலத் திறந்து மூடுங்கள். ஜன்னலை நாள் முழுக்கச் சாய்த்து வைப்பதில் பயனில்லை. சுவர்தான் குளிரும்.

ஞாயித்துக்கிழமை மிக்ஸி போடலாமா?

இரவு 10 முதல் காலை 6 வரையும், ஞாயிறும் பொது விடுமுறையும் முழு நாளும் அமைதி நேரம். சுவரில் துளை போடுவது, ஆணி அடிப்பது அறவே கூடாது. சட்னிக்கு அரை நிமிடம் மிக்ஸி ஓடினால் யாரும் போலீஸைக் கூப்பிடப் போவதில்லை. ஆனால் கிரைண்டரைத் தரையில் வைத்து முக்கால் மணி நேரம் மாவாட்டினால் கீழ்வீட்டுக்காரர் தலைக்குமேல் ரயில் ஓடும். சனிக்கிழமை மதியம் ஆட்டி வையுங்கள். அடியில் பழைய துண்டை நாலாக மடித்துப் போட்டால் இன்னும் நல்லது.

மாவு பொங்கவில்லை என்பதும் இதோடு சேர்ந்தே வரும் கேள்வி. ஓவனைச் சூடாக்காமல் உள்விளக்கை மட்டும் போட்டு, மாவுப் பாத்திரத்தை இரவு முழுக்க உள்ளே வையுங்கள். ஜனவரியிலும் பொங்கும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். பொங்கி வழிந்த மாவை ஓவனின் அடித்தட்டிலிருந்து சுரண்டிய காலைகள் எனக்கு உண்டு.

கடையெல்லாம் ஞாயித்துக்கிழமை மூடியிருக்கே, பால் தீர்ந்துட்டா?

தலைமை ரயில் நிலையம், கிழக்கு ரயில் நிலையம் போன்ற பெரிய நிலையங்களுக்குள் இருக்கும் பல்பொருள் அங்காடிகள் திறந்திருக்கும். தெருமுனையில் ‘ஷ்பேட்டி’ என்ற பெட்டிக்கடை இருக்கும், விலை கொஞ்சம் கூட. வெள்ளி, ஞாயிறு, திங்கள் என்று சேர்ந்து மூடும் ஈஸ்டரை மட்டும் முன்கூட்டியே காலண்டரில் குறித்துவிடுங்கள்.

பிளாஸ்டிக் பாட்டிலைக் குப்பையில போட்டேன், ஒரு அம்மா பிடிச்சுத் திட்டினாங்க. ஏன்?

25 காசைக் குப்பையில் போட்டீர்கள், அதனால். ஒருமுறை மட்டும் பயன்படும் தண்ணீர் பாட்டில், குளிர்பானக் கேன் போன்றவற்றில் 25 சென்ட் வைப்புத்தொகை சேர்ந்திருக்கிறது. திருப்பித் தரப்படும் பியர் கண்ணாடிப் புட்டிக்கு 8 சென்ட். அங்காடியிலுள்ள இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும், அதைக் கல்லாவில் கொடுங்கள். நசுக்கிவிட்டால் இயந்திரம் ஏற்காது. வெளியில் குடித்து முடித்து, தூக்கிக்கொண்டு திரிய முடியாது என்றால் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் நிறுத்தி வையுங்கள். சேகரித்துப் பிழைப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

மற்றபடி காகிதம் நீலம், சமையலறைக் கழிவு பழுப்பு, பொதியுறைகள் மஞ்சள் அல்லது ஆரஞ்சு, மீதி கறுப்பு அல்லது சாம்பல். கண்ணாடியை வெள்ளை, வண்ணம் என்று பிரித்துப் போடுங்கள், ஞாயிற்றுக்கிழமை வேண்டாம்.

டிக்கெட் வாங்கியும் அபராதம் போட்டுட்டாங்க! இது அநியாயம் இல்லையா?

நீங்கள் முத்திரை குத்தவில்லை. ரயில் நிலையத்தில் தடுப்புக் கதவு எதுவும் இல்லை. சீட்டு வாங்கி, நடைமேடையில் நிற்கும் சின்னப் பெட்டியில் செருகி, தேதியும் நேரமும் அச்சாக வேண்டும். அச்சில்லாத சீட்டு வாங்காத சீட்டுக்குச் சமம், அபராதம் 60 யூரோ. பரிசோதகர்கள் சாதாரண உடையில் வருவார்கள், புதிது என்று சொன்னாலும் இரக்கம் காட்ட மாட்டார்கள். விமான நிலையம் ‘சி’ கட்டண மண்டலத்தில் இருப்பதை மறந்து ‘ஏ-பி’ சீட்டில் போய் மாட்டுபவர்களும் நிறைய.

தினம் வேலைக்குப் போகிறவருக்கு ‘டாய்ச்லாண்ட் டிக்கெட்’ தான் நிம்மதி. 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, 2026 ஜனவரியிலிருந்து மாதம் 63 யூரோ. நாடு முழுக்க நகரப் பேருந்து, டிராம், சுரங்க ரயில், வட்டார ரயில் எல்லாம் அடக்கம். விரைவு ரயில்கள் அடங்காது. அது சந்தா, நீங்களாக நிறுத்தும்வரை ஓடும். நிறுத்த நினைத்தால் மாதத்தின் 10ஆம் தேதிக்குள் சொல்லிவிடுங்கள்.

வீட்ல டிவியே இல்ல, டிவிக்குக் காசு கட்டச் சொல்லிக் கடிதம் வந்திருக்கு. ஏமாத்து வேலையா?

இல்லை, உண்மைதான். பொது ஒலிபரப்புக் கட்டணம், வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. தொலைக்காட்சி இருக்கிறதா என்பது கணக்கில்லை. முகவரி பதிந்ததும் உங்கள் பெயர் அவர்களுக்குப் போய்விடும். ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு ஒன்று. கூட இருப்பவர் ஏற்கெனவே கட்டுகிறார் என்றால் அவருடைய எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுதுங்கள். குப்பையில் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் பாக்கி ஏறிக்கொண்டே போகும்.

மஞ்சள் கவர்ல ஒரு கடிதம். ஜெர்மன்ல இருக்கு, புரியல. அப்புறம் பார்க்கலாமா?

எதை வேண்டுமானாலும் தள்ளிப்போடுங்கள், மஞ்சள் உறையைத் தள்ளிப்போடாதீர்கள். நீதிமன்றமும் அரசு அலுவலகங்களும் ‘கொடுத்துவிட்டோம்’ என்பதற்குச் சாட்சி வேண்டும்போது அனுப்புவது அது. தபால்காரர் உறையின் மேல் பேனாவால் தேதி எழுதிப் பெட்டியில் போடுவார். நீங்கள் பிரித்தீர்களா, ஊரில் இருந்தீர்களா என்பது கேள்வியே இல்லை. அந்தத் தேதியிலிருந்து கெடு ஓடத் தொடங்கிவிடும். போக்குவரத்து அபராதத்துக்கும் நீதிமன்றம் அனுப்பும் கடன் அறிவிப்புக்கும் ஆட்சேபம் தெரிவிக்க இரண்டே வாரம்தான். உறையையும் சேர்த்து வையுங்கள். தேதி அதில்தான் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு பையன் அக்கா கல்யாணத்துக்கு மதுரை போய் ஐந்து வாரம் இருந்துவிட்டு வந்தான். பெட்டியில் விளம்பரத் தாள்களுக்கு நடுவே மூன்று கடிதம். பழைய இணைய இணைப்பின் சின்ன பாக்கி ஒன்று வசூல் நிறுவனத்துக்குப் போய், அங்கிருந்து மஞ்சள் உறையாக வந்து, கெடுவும் முடிந்திருந்தது. நாற்பது யூரோ பாக்கிக்கு அவன் கட்டியது இருநூறுக்கு மேல். ஊருக்குப் போகும்போது நம்பிக்கையான ஒருவரிடம் தபால்பெட்டிச் சாவியைக் கொடுத்து, வாரம் ஒருமுறை படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்புச் செயலி போதும், முதலில் தேதியையும் தொகையையும் தேடுங்கள்.

காய்ச்சல்னு போனா டாக்டர் டீ குடிக்கச் சொல்லி அனுப்பிட்டார். இவங்க மருத்துவம் இவ்வளவுதானா?

ஊரில் ஊசியும் நாலு மாத்திரையும் வாங்காமல் திரும்பினால் வைத்தியம் பார்த்த மாதிரியே நமக்கு இருக்காது. இங்கே வைரஸ் காய்ச்சலுக்கு ஓய்வுதான் மருந்து, ஆன்டிபயாடிக் மருந்துச்சீட்டு இல்லாமல் கிடைக்காது. மூன்று நாளுக்கு மேல் விடுப்பு என்றால் மருத்துவச் சான்று வேண்டும். சில நிறுவனங்கள் முதல் நாளே கேட்கும், ஒப்பந்தத்தைப் பாருங்கள். சான்று இப்போது கணினி வழியாகப் போகிறது, ஆனால் உடம்பு சரியில்லை என்று அலுவலகத்துக்கு முதல் நாளே சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

நோய் வரும் முன்பே வீட்டருகே ஒரு குடும்ப மருத்துவரைப் பிடித்து வையுங்கள். புது ஆளைச் சேர்ப்பதில்லை என்று பல இடத்தில் சொல்வார்கள், அதனால் காய்ச்சலோடு தேட முடியாது. இரவிலோ வார இறுதியிலோ மருத்துவர் வேண்டும், உயிருக்கு ஆபத்தில்லை என்றால் 116117. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், விபத்து என்றால் யோசிக்காமல் 112. காவல்துறை 110.

ஊர்ல பத்து வருஷம் கார் ஓட்டியிருக்கேன். அந்த லைசென்ஸ் செல்லாதா?

இங்கே குடியேறி ஆறு மாதம்வரை செல்லும். அதன்பின் இந்திய, இலங்கை உரிமம் வைத்திருப்பவர்கள் எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு இரண்டையும் எழுதித்தான் ஆக வேண்டும். எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம். தமிழும் இந்தியும் பட்டியலில் இல்லை. அனுபவசாலிகள்தான் ஓட்டுத் தேர்வில் அதிகம் தோற்கிறார்கள். பலகையில்லாத முனையில் வலப்பக்கம் வருபவருக்கு வழிவிட வேண்டும் என்பது மூளைக்குப் புரிந்தாலும் காலுக்குப் புரிய நாளாகும். ஹாரனையும் மறந்துவிடுங்கள்.

அம்மா பையில நெய்யும் கருவாடும் வச்சுட்டாங்க. ஏர்போர்ட்ல பிடிப்பாங்களா?

நெய்யைப் பிடிப்பார்கள், கருவாட்டை விடுவார்கள்! ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி இறைச்சியும் பால்பொருளும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரக் கூடாது. மீனுக்குத் தனி விதி, சொந்த உபயோகத்துக்கு 20 கிலோ வரை வரலாம். கறிவேப்பிலை, முருங்கைக்காய், மாம்பழம் எல்லாவற்றுக்கும் தாவரநலச் சான்று வேண்டும், யாரிடமும் அது இருக்காது. தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, டுரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு. பொடி வகைகளைக் கொண்டுவாருங்கள்.

கறிவேப்பிலையும் இட்லி அரிசியும் இங்கேயே கிடைக்கும், ஈழத்தமிழர் கடைகள் இருக்கின்றன. 1980களில் அவர்களில் பலர் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃப்ரீட்ரிஷ்ஸ்ட்ராஸ நிலையம் வழியாக நகர ரயில் ஏறி மேற்கு பெர்லினுக்குள் வந்தவர்கள். அதே தடத்தில் இன்று நாம் இருக்கை பிடித்து வேலைக்குப் போகிறோம். பிரிட்ஸ் பகுதியில் முருகன் கோயில் இருக்கிறது. ஜெர்மனியின் மேற்கே உள்ள ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில், 2002இல் குடமுழுக்கு நடந்தது, தேருக்குப் பல நாடுகளிலிருந்து கூட்டம் வரும். தேர் நாளில் ஒருமுறை போய் வாருங்கள்.

ஆபீஸ்ல யாரும் பேசவே மாட்டேங்குறாங்க. நம்மளைப் பிடிக்கலையோ?

சிலருக்குப் பிடிக்காமலும் இருக்கலாம், இல்லவே இல்லை என்று நான் பூசி மெழுக மாட்டேன். ஆனால் பெரும்பாலும் காரணம் அதுவல்ல. சம்பளம் எவ்வளவு, ஏன் இன்னும் குழந்தை இல்லை என்று நாம் பாசமாகக் கேட்பது இங்கே எல்லை தாண்டுவது. அவர்கள் கேட்காமல் இருப்பது மரியாதை. ‘வா ஒருநாள் வீட்டுக்கு’ என்றால் அது பேச்சுக்கல்ல, தேதி குறிப்பார்கள், ஆறு வாரம் கழித்து இருக்கும். குறித்த நேரத்துக்குப் போய்விடுங்கள்.

பிறந்தநாளுக்கு ஒருநாள்கூட முன்னதாக வாழ்த்தாதீர்கள், அபசகுனம் என்று நினைப்பார்கள். பிறந்தநாள்காரர்தான் எல்லோருக்கும் கேக் கொண்டுவர வேண்டும். யாராவது கொண்டுவருவார்கள் என்று மாலைவரை காத்திருந்த கதை எனக்கு உண்டு. அடுத்த ஆண்டு ரவா கேசரி கிண்டி எடுத்துப் போனேன். செய்முறை கேட்டு மூன்று பேர் வந்து நின்றார்கள்.

டிசம்பர்ல நாலு மணிக்கே இருட்டிருது. எனக்கு மட்டும்தான் இப்படி அழுகையா வருதா?

இல்லை. டிசம்பர் கடைசியில் சூரியன் காலை எட்டேகாலுக்கு மேல்தான் வரும், நாலு மணிக்கு முன்பே போய்விடும். மேகம் மூடினால் அதுவும் தெரியாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் கட்டாயம் வெளியே நடங்கள், குடும்ப மருத்துவரிடம் வைட்டமின் டி பற்றிக் கேளுங்கள். குடும்ப விசாவில் வந்து பகலெல்லாம் தனியாக இருப்பவர்களுக்கு இது இன்னும் கடுமை. ‘ப்ளூ கார்டு’ (பட்டம் பெற்று வேலைக்கு வருபவர்களுக்கான வசிப்பு அனுமதி) வைத்திருப்பவரின் துணைவருக்கு வேலை செய்ய முழு உரிமை உண்டு, வருவதற்கு முன் ஜெர்மன் தேர்வும் கட்டாயமில்லை. ஆனால் தேவையில்லை என்பதாலேயே மொழியைத் தள்ளிப்போட்டவர்கள்தான் இரண்டாம் குளிர்காலத்தில் அதிகம் உடைந்து பேசுகிறார்கள். மக்கள் கல்விக்கூடங்களில் குறைந்த கட்டணத்தில் வகுப்பு உண்டு. வாரம் நான்கு நாள் வீட்டை விட்டுக் கிளம்ப அது ஒரு காரணம்.

குழந்தையைக் கீட்டால சேர்த்தா, என்னையும் கூட உட்காரச் சொல்றாங்களே, எதுக்கு?

‘கீட்டா’ என்பது மழலையர் காப்பகம். ஒரு வயதிலிருந்து இடம் பெற உரிமை உண்டு. பெர்லினில் 2018 ஆகஸ்ட் முதல் கட்டணம் இல்லை, சாப்பாட்டுக்கு மட்டும் மாதம் 23 யூரோ. முதல் இரண்டிலிருந்து நான்கு வாரம் பெற்றோர் உடன் இருந்து, ஐந்து நிமிடம், அரை மணி என்று மெல்ல விலகுவார்கள். விட்டுவிட்டு ஓடிவரும் நம் பழக்கத்துக்கு இது அதிசயமாக இருக்கும். அந்த வாரங்களுக்கு விடுப்பை முன்பே எடுத்து வையுங்கள்.

வீட்டில் தமிழே பேசுங்கள். ஜெர்மனை அவர்கள் கீட்டாவில் தானாகப் பிடித்துக்கொள்வார்கள், ஒரே ஆண்டில் உங்கள் உச்சரிப்பைத் திருத்துவார்கள். எழுதப் படிக்க, ஈழத்தமிழர்கள் வார இறுதியில் நடத்தும் தமிழாலயங்கள் இருக்கின்றன.

குடியுரிமை எடுத்தா இந்தியக் கடவுச்சீட்டையும் வச்சுக்கலாமா? இப்ப சட்டம் மாறிடுச்சாமே?

மாறியது ஜெர்மனியின் சட்டம். 2024 ஜூன் 27 முதல் ஐந்து ஆண்டு வசிப்பு போதும், பழைய குடியுரிமையை விடச் சொல்வதும் இல்லை. மூன்று ஆண்டு விரைவு வழியை 2025இல் எடுத்துவிட்டார்கள். ஆனால் இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஜெர்மன் குடியுரிமை கிடைத்ததும் இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைத்துவிட்டு, வெளிநாட்டு இந்தியர் அட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். அதில் ஓட்டுரிமை இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது. இலங்கையர்கள் விண்ணப்பித்து இரண்டையும் வைத்துக்கொள்ள வழி உண்டு.

அவசரம் இல்லாதவர்களுக்கு நிரந்தர வசிப்புரிமை இருக்கிறது. ப்ளூ கார்டு இருந்தால் 27 மாதத்தில், ஜெர்மன் மொழியில் பி1 என்ற நடுத்தர நிலையை முடித்தால் 21 மாதத்தில் கேட்கலாம். நான் அதோடு நிற்கிறேன். குடியுரிமைப் படிவம் ஒன்றரை ஆண்டாக மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அப்பாவின் நிலத்தை நினைத்தால் கை எழவில்லை.

ஊருக்கே திரும்பிப் போறோம். எப்படி முடிச்சுக்கிட்டுக் கிளம்பறது?

வாடகைக்கு மூன்று மாத முன்னறிவிப்பு, கையெழுத்திட்ட காகிதத்தில். மின்னஞ்சல் செல்லாது. முகவரிப் பதிவை நீக்குவதைக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து, போன பின் இரண்டு வாரத்துக்குள் செய்யுங்கள். அந்தச் சான்று இருந்தால் இணையம், ஒலிபரப்புக் கட்டணம் போன்றவற்றை முடிக்க எளிது. ஓய்வூதியத்துக்கு ஐந்து ஆண்டுக்கும் குறைவாகக் கட்டியிருந்தால், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போய் 24 மாதம் கழித்து உங்கள் பங்கைத் திரும்பக் கேட்கலாம்.

வீட்டு முன்பணம் உடனே வராது, சில மாதம் ஆகும். அதுவரை வங்கிக் கணக்கை மூடாதீர்கள், தபாலை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் சேவைக்கும் எழுதிக் கொடுங்கள். கடைசியாகச் சாவியைக் கொடுக்கும் முன் தபால்பெட்டியிலிருந்து உங்கள் பெயர்ச்சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள். அடுத்து வருபவரின் வங்கி அட்டையாவது போய்ச் சேரட்டும்.